எங்கே முடிகிறது பதில்?

கைபேசியில் ஒரு கோப்பைப் பதிவிறக்கும்போது சில நேரம் நூற்றுக்கு இத்தனை என்று கணக்கு ஓடுகிறது: 42%, 43%, இன்னும் 2 நிமிடம். வேறு சில நேரம் 'இதுவரை 3.2 எம்பி' என்ற எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. மொத்தம் எவ்வளவு, எப்போது முடியும் என்று ஒரு தகவலும் இல்லை. கைபேசி அதேதான், இணைப்பின் வேகமும் அதேதான். பலரும் இதைச் செயலியின் குறை என்றோ, நெட்வொர்க் மந்தம் என்றோ நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். உண்மையான காரணம் மறுமுனையில் இருக்கிறது. அங்கே இருக்கும் வழங்கி, அதாவது நாம் சர்வர் என்று சொல்லும் கணினி, பதிலை எழுதத் தொடங்கிய கணத்தில் அந்தப் பதிலின் நீளத்தை அறிந்திருந்ததா இல்லையா என்பதே இந்த வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. பதிலில் என்ன இருக்கிறது என்று சொல்வதைவிட, பதில் எங்கே முடிகிறது என்று சொல்வதுதான் வழங்கிக்குக் கடினமான வேலை என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் விதிமுறையான ஹெச்டிடிபி கடந்து வந்த பாதையில் பெரும்பகுதி, இந்த வேலையைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொண்ட பாதைதான்.

ஓடி வரும் பைட்டுகள்

இணையத்தில் செல்லும் எதுவும் பைட்டுகளாகத்தான் செல்கிறது. ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண். வழங்கிக்கும் உலாவிக்கும் இடையே இந்த எண்களை வரிசை மாறாமல், விடுபடாமல் கொண்டுசேர்க்கும் பொறுப்பு டிசிபி என்ற விதிமுறையுடையது. வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974-ல் முன்வைத்த எண்ணத்திலிருந்து வளர்ந்து, 1981-ல் திட்டமான வடிவம் பெற்ற விதிமுறை இது. ஹெச்டிடிபியின் 2 வரையிலான எல்லாப் பதிப்புகளும் இதன்மேல்தான் ஓடின. டிசிபிக்கு ஒரு குணம் உண்டு. பைட்டுகளை அது ஒரே ஓடையாகப் பார்க்கிறது. வழங்கி ஆயிரம் பைட்டுகளை ஒரே மூச்சில் எழுதினாலும், பத்துப் பத்தாக நூறு முறை எழுதினாலும், உலாவியின் பக்கம் அந்தப் பிரிவுகள் தெரியாது. வழியில் அவை வேறு அளவுகளில் உடைந்தும் சேர்ந்தும் வரலாம். ஆகவே 'இதோடு ஒரு பதில் முடிந்தது' என்ற செய்தியை ஓடை தானாகத் தருவதில்லை. வழங்கிதான் அந்தச் செய்தியையும் பைட்டுகளாக எழுதி, ஓடைக்குள்ளேயே விட வேண்டும்.

நமது ரயில்களின் கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் பெரிய பெருக்கல் குறி தீட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரயில் கடந்துபோகும்போது நிலைய ஊழியர் அந்தக் குறியைத்தான் தேடுகிறார். குறி கண்ணில் பட்டால் ரயில் முழுதாகப் போய்விட்டது என்று பொருள். படாவிட்டால் சில பெட்டிகள் கழன்று பின்னால் எங்கோ தண்டவாளத்தில் நிற்கலாம். வழங்கியின் பதிலுக்கும் அப்படியொரு கடைசிப் பெட்டிக் குறி தேவைப்படுகிறது.

இணைப்பை மூடுவதே முடிவாக இருந்த காலம்

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் ஹெச்டிடிபி, 1991-ல் மிக எளிமையாக இருந்தது. உலாவி ஒரே ஒரு வரியில் 'இந்தப் பக்கத்தைக் கொடு' என்று கேட்கும். வழங்கி பக்கத்தின் எழுத்துகளை அப்படியே அனுப்பிவிட்டு இணைப்பை மூடிவிடும். மூடியதுதான் முடிவு. தலைப்பு வரிகள் கிடையாது, வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்ணும் கிடையாது. பிற்காலத்தில் இதற்கு 0.9 என்று எண் கொடுத்தார்கள்.

இது போதாதா என்று கேட்கலாம். மூடுவதை ஒரு தெளிவான அறிகுறியாகக் கொள்வதில் என்ன குறை? முதல் குறை, முழுதாக அனுப்பிவிட்டு மூடுவதும் பாதியில் செத்துப்போவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பது. வழங்கியில் ஓடும் நிரல் ஏதோ பிழையால் நடுவில் நின்றுவிட்டால், அந்தக் கணினியின் இயங்குதளம் அந்த நிரல் திறந்துவைத்திருந்த இணைப்புகளைத் தானே மூடிவிடுகிறது. பெரும்பாலும் அதை ஒழுங்கான முறையிலேயே செய்கிறது. நல்லபடியாக வேலை முடித்த நிரல் அனுப்பும் அதே விடைபெறும் குறியை, செத்துப்போன நிரலின் சார்பில் இயங்குதளம் அனுப்பிவைக்கிறது. உலாவிக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரிய வழியில்லை. அரைகுறைக் கோப்பை முழுக் கோப்பு என்று நம்பிச் சேமித்துக்கொள்ளும்.

இரண்டாவது குறை காலச் செலவு. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. வழங்கி 10,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், ஒரு செய்தி போய்த் திரும்பவே 0.1 வினாடி ஆகும். டிசிபி இணைப்பு ஒன்றைத் திறக்க ஒருமுறை போய் வர வேண்டும். ஒரு பக்கத்தில் 40 படங்கள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் புதிதாக இணைப்பைத் திறந்து மூடினால், ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் பட்சத்தில் திறப்பதற்கு மட்டுமே 4 வினாடி வீணாகிறது. உலாவிகள் சில இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து இதைக் குறைத்தன என்றாலும் சுமை வழங்கியின் தலையில் விழுந்தது. அதனால் 1997-ல் வெளியான ஹெச்டிடிபி 1.1, ஒரு பதில் முடிந்தபின்பும் இணைப்பைத் திறந்தே வைத்திருப்பதைப் பொது வழக்கமாக்கியது. அந்த முடிவு எடுக்கப்பட்டவுடன், மூடுவதை முடிவுக்குறியாகக் கொள்ளும் வசதி போய்விட்டது. ஒரே ஓடையில் பதிலுக்குப் பின் பதிலாக வரும்போது, ஒன்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும்.

'வணக்கம்' எத்தனை பைட்?

முதல் தீர்வு, நீளத்தை முன்கூட்டியே எண்ணிச் சொல்லிவிடுவது. 1996-ல் ஆவணமாக வெளிவந்த ஹெச்டிடிபி 1.0-லேயே இதற்கு 'கன்டென்ட்-லெங்த்' என்ற தலைப்பு வரி இருந்தது. இதை நீள வரி என்று அழைப்போம். ஒரு வழங்கி 'வணக்கம்' என்ற ஒரே சொல்லைப் பதிலாக அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். முதலில் நிலை வரி: 'ஹெச்டிடிபி/1.1 200 ஓகே'. இதில் 200 என்பது 'கேட்டது கிடைத்தது' என்பதன் குறி. அதன்பின் தலைப்பு வரிகள்: என்ன வகை உள்ளடக்கம், எந்த எழுத்துமுறை, எத்தனை பைட். அடுத்து ஒரு வெற்று வரி. அதற்கப்புறம் உள்ளடக்கம். வெற்று வரியோடு தலைப்புப் பகுதி முடிகிறது. உள்ளடக்கம் எங்கே முடிகிறது என்பதை நீள வரி சொல்ல வேண்டும்.

அந்த வரியில் எந்த எண்ணை எழுதுவது? நமக்கு 'வணக்கம்' ஐந்து எழுத்து: வ, ண, க், க, ம். கணினியின் ஒருங்குறியில் புள்ளி தனியொரு குறி என்பதால் அங்கே அது ஏழு குறிகள். யூடிஎஃப்-8 முறையில் எழுதும்போது தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கிறது. 'வ' என்பது 224, 174, 181 என்ற மூன்று எண்களாகப் போகிறது. ஆக மொத்தம் 21 பைட். ஐந்து, ஏழு, இருபத்தொன்று ஆகிய மூன்றும் சரியான எண்ணிக்கைகள்தாம். ஆனால் நீள வரிக்கு வேண்டியது 21 மட்டுமே.

நிரலாளர் ஒருவர் குறிகளை எண்ணி 7 என்று எழுதிவிட்டால் நடப்பதைப் பாருங்கள். உலாவி முதல் ஏழு பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. ஆறு பைட்டில் 'வண' கிடைத்துவிடும். ஏழாவது பைட், அடுத்து வரும் 'க' என்ற குறியின் மூன்றில் ஒரு பங்கு. அதற்குத் தனியாகப் பொருள் இல்லாததால் திரையில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் தோன்றும். மீதி 14 பைட்டுகள் ஓடையில் அநாதையாகக் கிடக்கும். அவற்றை அடுத்த பதிலின் தொடக்கம் என்று உலாவி தவறாகப் படிக்கலாம், அல்லது குப்பை என்று கண்டு இணைப்பையே முறித்துக்கொள்ளலாம். மாறாக 25 என்று எழுதிவிட்டால், 21 பைட் வந்த பின்னும் இன்னும் நான்கு வர வேண்டும் என்று உலாவி காத்திருக்கும். பக்கம் வந்துசேர்ந்தும் வட்டம் சுழன்றுகொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் குறிகளை எண்ணினாலும் பைட்டுகளை எண்ணினாலும் ஒரே விடை வருகிறது, பிழை மறைந்தே இருக்கிறது. தமிழ் உள்ளடக்கத்தில்தான் அது வெளியே வருகிறது. நீளத்தை எழுத்துகளில் அல்ல, பைட்டுகளில் எண்ணுங்கள் என்று நோட்.ஜேஎஸ் என்னும் வழங்கித் தளத்தின் ஆவணமே தனியாக எச்சரிக்கிறது. தமிழில் இணையதளம் நடத்துவோர் இந்தப் பிழையைச் சோதிக்காமல் விடக்கூடாது.

எண்ண முடியாதபோது

வட்டில் கிடக்கும் கோப்பின் நீளம் வழங்கிக்குத் தெரியும். அந்தந்தக் கணத்தில் உருவாகும் பதிலின் நீளம் தெரியாது. தேடல் முடிவுகள், ஆயிரம் வரி அறிக்கை, பல கோப்புகளைச் சேர்த்துக் கட்டி அனுப்பும் ஸிப் ஆகியவை இந்த வகை. அனுப்பும்போதே சுருக்கி அனுப்பினால், சுருங்கிய பின் எவ்வளவு வரும் என்பதும் முன்பே தெரியாது. முழுவதையும் நினைவகத்தில் தயாரித்து வைத்துக்கொண்டு, எண்ணிவிட்டு அனுப்பலாமே என்பது நியாயமான கேள்வி. சிறிய பக்கங்களுக்குப் பல வழங்கிகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் ஒரு ஜிபி அறிக்கையை நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் நினைவகம் தாங்காது. அதோடு, முதல் வரி தயாரான பின்பும் கடைசி வரிக்காக வாசகர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்க நேரும்.

இதற்கு ஹெச்டிடிபி 1.1 கண்ட வழி, துண்டு முறை. மொத்த நீளம் தெரியாவிட்டாலும் கையில் இப்போது இருக்கும் துண்டின் நீளம் தெரியும் அல்லவா? அதை எழுதி, துண்டை எழுதி, அடுத்ததற்குப் போவது. நமது சொல்லையே 'வ' ஒரு துண்டு, 'ணக்கம்' மற்றொரு துண்டு என்று அனுப்புவோம். முதலில் 3 என்ற எண், வரி முறிவு, 'வ'வின் மூன்று பைட், மீண்டும் வரி முறிவு. அடுத்து 12 என்ற எண். இங்கே நீளத்தைப் பதினாறின் அடிமானத்தில் எழுதுவது விதி என்பதால் 12 என்றால் ஒரு பதினாறும் இரண்டும், அதாவது 18 பைட். 'ணக்கம்' சரியாக 18 பைட்தான். இறுதியில் 0 என்ற எண்ணும் ஒரு வெற்று வரியும். 'இனி பூஜ்ஜியம் பைட் நீளமுள்ள துண்டு வருகிறது' என்பதுதான் முடிந்தது என்பதன் அறிவிப்பு. ஒரு வரி முறிவுக்கு இரண்டு பைட் என்று கணக்கிட்டால், 21 பைட் சொல்லைக் கொண்டுசேர்க்க 37 பைட் செலவாகியிருக்கிறது. இவ்வளவு சின்னப் பதிலுக்கு இது அதிகம்தான். ஆனால் துண்டு ஒவ்வொன்றும் பத்தாயிரம் பைட் இருந்தால் கூடுதல் செலவு கண்ணுக்கே தெரியாது. விழுக்காடு காட்டாத பதிவிறக்கங்கள் பெரும்பாலும் இப்படி வருபவை. மொத்தம் என்ன என்று வழங்கி சொல்லவே இல்லை, உலாவி எப்படிக் காட்டும்?

நீளங்களை எண்ணிக்கொண்டிருப்பதற்குப் பதில், முடிவில் ஒரு தனிக் குறி வைத்தால் போதாதா என்ற மறுப்பும் உண்டு. இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய மின்னஞ்சல் விதிமுறையில், ஒற்றைப் புள்ளி மட்டும் உள்ள வரி வந்தால் கடிதம் முடிந்தது என்று பொருள். கடிதத்துக்குள்ளேயே அப்படியொரு வரி இருந்தால்? புள்ளியில் தொடங்கும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்த்து அனுப்ப வேண்டும், பெறுபவர் அதை நீக்கிக்கொள்ள வேண்டும். வரிகளாலான கடிதத்துக்கு இது ஒத்துவரும். படத்திலும் காணொலியிலும் எந்தப் பைட் வரிசையும் எங்கும் வரலாம் என்பதால், எதைக் குறியாக வைத்தாலும் அது உள்ளடக்கத்துக்குள் தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு பைட்டையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நீளத்தைச் சொல்லிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே தேவையில்லை. இந்த இடத்தில் எண்ணும் முறையே மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

முடிவைச் சொல்ல இரண்டு வழிகள் வந்ததில் ஓர் ஆபத்தும் வந்தது. ஒரே செய்தியில் நீள வரியும் துண்டு முறை அறிவிப்பும் சேர்ந்து வந்தால் எதை நம்புவது? துண்டு முறையை நம்ப வேண்டும் என்பது விதி. ஆனால் நடுவில் இருக்கும் இடைநிலைக் கணினி ஒன்றை நம்பி, பின்னால் இருக்கும் வழங்கி மற்றொன்றை நம்பினால், செய்தியின் எல்லை எது என்பதில் இரண்டும் முரண்படும். அந்த இடைவெளிக்குள் ஒருவர் தன் வேண்டுகோளை மறைத்து மற்றவரின் வேண்டுகோளோடு ஒட்டிவிட முடியும் என்று 2005-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஜேம்ஸ் கெட்டில் 2019-ல் அதே வழியைப் புதுப்பித்து, பெரிய தளங்களிலும் அது பலிக்கிறது என்று நிறுவினார். இது கேட்கும் பக்கத்துச் செய்தியில் நடக்கும் தாக்குதல் என்றாலும் எல்லை குறிக்கும் விதி இரு பக்கமும் ஒன்றுதான். முடிவு எங்கே என்பதில் இருவர் வேறுபட்டால் அங்கே திருட்டுக்கு இடம் கிடைக்கிறது.

எழுதியாயிற்று என்றால் போய்ச் சேர்ந்ததா?

டிசிபிதான் எதையும் விடாமல் கொண்டுசேர்க்கிறதே, மேலே இத்தனை கணக்கு எதற்கு என்பது இன்னும் வலுவான மறுப்பு. இதற்கு விடை காண, வழங்கி எழுதும் செயலை நெருங்கிப் பார்க்க வேண்டும். வழங்கி நிரல் நேரடியாகக் கம்பியில் எழுதுவதில்லை. இயங்குதளத்திடம் பைட்டுகளை ஒப்படைக்கிறது. இயங்குதளம் அவற்றை ஒரு தற்காலிகக் கிடங்கில் வைத்துக்கொண்டு, மறுமுனை வாங்க வாங்க அனுப்புகிறது. 'எழுதியாயிற்று' என்று நிரலுக்குக் கிடைக்கும் விடைக்கு, கிடங்கில் வைத்தாயிற்று என்பதற்கு மேல் பொருள் கிடையாது. கிடங்கில் இடம் குறைவாக இருந்தால், 50 லட்சம் பைட் கொடுத்த இடத்தில் 'முதல் 2 லட்சத்தை வாங்கிக்கொண்டேன்' என்றுகூட விடை வரும். மீதியை நினைவில் வைத்திருந்து, இடம் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது நிரலின் கடமை. சிறு கோப்புகளில் சரியாக ஓடும் புதிய நிரல், பெரிய படங்களைப் பாதியோடு அறுத்து அனுப்புவதற்கு இந்தக் கடமையை மறந்ததே பல நேரம் காரணம்.

கிடங்கு காலியாகும் வேகத்தை முடிவுசெய்வது பாதையும் பெறுபவரும். புதிய இணைப்பில் டிசிபி எடுத்த எடுப்பில் கொட்டிவிடுவதில்லை. 2013-ல் வெளியான பரிந்துரைப்படி தொடக்கத்தில் சுமார் பத்துப் பாக்கெட்டுகள், ஏறக்குறைய 14,600 பைட், அனுப்பிவிட்டு, வந்துசேர்ந்தது என்ற ஒப்புகைக்குக் காத்திருக்கும். முழுப் பதிலையும் வாங்க மந்தமான கைபேசி ஒன்று பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை வழங்கியின் ஒரு பணியாளர் நிரல் அதற்காகவே காத்து நின்றால் ஆயிரக்கணக்கானோருக்குப் பதில் எழுதுவது எப்படி? ஒரே கணினி பத்தாயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் பதில் தர வேண்டும் என்ற சவாலை டான் கெகல் 1999-ல் முன்வைத்தார். இகோர் சிசோயெவ் எழுதி 2004-ல் வெளியிட்ட எஞ்சின்எக்ஸ் என்ற வழங்கி நிரல், யாருடைய கிடங்கில் இடம் காலியானது என்று இயங்குதளத்திடம் கேட்டு, அவருக்கு மட்டும் அடுத்த பகுதியை எழுதிவிட்டு நகர்கிறது. அதற்கு ஒவ்வொருவருக்கும் எத்தனை பைட் போயிற்று, எத்தனை மீதி என்ற கணக்கு வழங்கிக்குள்ளேயும் வேண்டும். முடிவு எங்கே என்ற அறிவு உலாவிக்கு மட்டும் தேவையானதாக இல்லை.

டிசிபியின் ஒப்புகையும் மறுபக்கத்து இயங்குதளம் வரைதான் செல்லும். உலாவி அதை வாங்கிப் பயன்படுத்தியதா என்று அது சொல்லாது. ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் மூவரும் 1984-ல் இதழில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, கோப்பு ஒன்றைப் பத்திரமாக அனுப்புவதை உதாரணமாக எடுத்துக்கொண்டு இதையே வாதிட்டது: நடுவழி எவ்வளவு நம்பகமாக இருந்தாலும், முழுமையாக வந்ததா என்ற சோதனையை இரு முனைகளும் தாங்களே செய்தாக வேண்டும். நீள வரியும் பூஜ்ஜியத் துண்டும் அந்தச் சோதனைக்கான கருவிகள். கர்ல் என்ற பதிவிறக்க நிரல், சொன்ன நீளத்துக்குக் குறைவாக வந்து இணைப்பு அறுந்தால் 18 என்ற பிழை எண்ணோடு நிற்கிறது. நீளம் சொல்லப்படாமல், துண்டு முறையும் இல்லாமல், மூடுவதை மட்டும் நம்பி வந்த பதிலில் அதனால் அப்படி எச்சரிக்க முடியாது.

200 என்று எழுதிய பிறகு

துண்டு முறைக்கு ஒரு விலை உண்டு. நிலை வரி முதலில் போய்விடுகிறது. வழங்கி '200' என்று எழுதி, அறிக்கையின் நானூறு வரிகளை அனுப்பிய பின் தரவுத்தளம் நின்றுபோனால், 200-ஐத் திரும்பப் பெற்று '500, என் பக்கம் பிழை' என்று மாற்றி எழுத வழியில்லை. கடைசித் துண்டுக்குப் பின் கூடுதல் தகவல் வரிகள் எழுத விதி இடம் தருகிறது என்றாலும் உலாவிகள் பெரும்பாலும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. மீதி இருக்கும் நேர்மையான வழி ஒன்றுதான்: பூஜ்ஜியத் துண்டை எழுதாமல் இணைப்பை முறித்துவிடுவது. வாசகருக்குப் பிழைச் செய்தி தோன்றும். முரட்டுத்தனமாகப் பட்டாலும் அது உண்மையைச் சொல்கிறது. 2015-ல் வந்த ஹெச்டிடிபி 2, ஒரே இணைப்பில் பல பதில்களைப் பின்னிப் பிணைத்து அனுப்புவதால், ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் 9 பைட்டில் அதன் நீளத்தையும் அது எந்தப் பதிலைச் சேர்ந்தது என்பதையும் எழுதுகிறது. முடிவைச் சொல்ல அதில் ஒரே ஒரு பிட் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இடையில் கைவிட நேர்ந்தால் அதற்கெனத் தனிச் செய்தி உண்டு, மற்றப் பதில்கள் பாதிக்கப்படாமல் தொடரும். 2022-ல் தரநிலையான ஹெச்டிடிபி 3, டிசிபியையே விட்டு குவிக் என்ற வேறு அடித்தளத்துக்கு மாறியது. அங்கேயும் நல்லபடியாக முடிந்ததற்கு ஒரு குறி, பாதியில் கைவிட்டதற்கு வேறொரு குறி என்று தனித்தனியாகவே இருக்கின்றன.

வழங்கி நிரல் எழுதக் கற்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிழையைப் பிடித்து, பதிவேட்டில் குறித்துவிட்டு, பதிலை ஒழுங்காக முடித்துவைக்கும் நிரலைப் பலரும் நல்ல நிரல் என்று எண்ணுகிறார்கள். நானூறாவது வரியில் அறுந்த அறிக்கைக்குப் பின்னால் பூஜ்ஜியத்தை எழுதினால், இது முழு அறிக்கை என்று வழங்கி சான்று கொடுக்கிறது. அதை வாங்கிய வங்கியோ மருத்துவமனையோ சந்தேகப்படக் காரணமே இருக்காது. அந்தப் பூஜ்ஜியத்தை எழுதாதீர்கள். இணைப்பு முறியட்டும், கேட்டவர் மறுபடி கேட்டுக்கொள்வார்.